ஊல்கான் எஜேயின் வாயில் வராத பெயர்

எங்கள் கிர்கிஸ் மலையூர்ப் பள்ளியில் ஊல்கான் எஜே, அதாவது ஊல்கான் அக்கா, இருபத்தாறு வருடமாகப் புவியியல் நடத்துகிறார். கிர்கிஸ் வழி வகுப்பில் பாறைகளைப் பற்றிப் பேசும்போது 'தாஷ்' என்ற சொல் அவர் வாயில் வராது. கல்லுக்கு எங்கள் சொல் அதுதான். அவருடைய மாமனாரின் பெயரும் அதில்தான் தொடங்குகிறது. ஆகவே கல்லைக் 'கெட்டி' என்பார். மலையிலிருந்து கெட்டி உருண்டது, ஆற்றில் கெட்டி கிடந்தது. பிள்ளைகள் சிரிப்பதில்லை, அவர்களுடைய அம்மாக்களும் எதையாவது அப்படித்தான் சொல்கிறார்கள். மணி அடித்து ரஷ்ய வழி வகுப்புக்குப் போனால் அதே கல்லை ரஷ்ய மொழியில் தயங்காமல் சொல்வார்.

"அந்த மொழியில எனக்கு மாமனார் இல்ல" என்பார்.

மருமகளாக வந்து முப்பத்திரண்டு வருடத்தில் கணவர் வீட்டு மூத்த ஆண்கள் ஒருவரின் பெயரையும் அவர் உச்சரித்ததில்லை. படிவங்களில் எழுதுவார். கைக்குத் தடை இல்லை, வாய்க்குத்தான்.

பள்ளியின் கடவுச்சொற்கள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. யாரும் அவரை நியமிக்கவில்லை. தலைமையாசிரியர் ஜெனிஷ்பாய் எதையும் மறந்துவிடுவார், ஊல்கான் எஜே மறக்கமாட்டார், அவ்வளவுதான். முதலில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் கணினி ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு, அலுவலகக் கணினியில் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். அது பழுதானால் எல்லாம் போய்விடும், ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு காலை, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. நடைவழியில் நின்றபடியே திறந்தேன். ஓர் அட்டவணை. பள்ளியின் மின்னஞ்சல், மதிப்பெண் பதிவேடு, தேர்வுத்தளம், அவருடைய சொந்த வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கடவுச்சொல், யாரும் படிக்கும்படி. அவருடைய வகுப்பறைக்கு ஓடினேன்.

"எஜே, குழுவுல என்ன அனுப்பினீங்க?"

"நகல் எடுன்னு நீதானே நச்சரிச்ச? எடுத்தேன். ஒரு எடத்துல வெச்சா தொலைஞ்சிடும்னு நாப்பத்தாறு பேர்கிட்ட வெச்சிட்டேன்."

"செயலிக்குள்ள இருக்குற வரைக்கும்தான் எஜே பூட்டு. வெளிய எடுத்த கோப்பு சும்மா எழுதி வெச்ச காகிதம் மாதிரி."

"அப்ப உடற்பயிற்சி வாத்தியாரும் என் பேங்க் கணக்கைப் பாத்திருப்பாரா?"

"பாத்துட்டாரு. கட்டைவிரல் வேற போட்டிருக்காரு."

குழுவிலிருந்து அழித்தோம். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். பிறகு மறுபடி நகல் எடுத்தோம், இந்தமுறை பூட்டிய கோப்பாக. அதைத் திறக்க நீளமான ஒரு கடவுத்தொடர் வேண்டும். யாரும் ஊகிக்கக் கூடாது, கோப்போடு சேர்த்து எழுதி வைக்கவும் கூடாது என்றேன்.

"யார் கேட்டாலும் என் வாய்ல வராததா இருந்தா?"

"அதைவிட நல்லது இல்ல."

என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு நெடுநேரம் தட்டினார். இன்னொரு கணினியில் ஒருமுறை திறந்தும் பார்த்தோம், திறந்தது. ஒரு பென்டிரைவ் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டிக்குள் போனது, இன்னொன்று எஜே வீட்டுக்கு. பூட்டில்லாத பழைய கோப்பைக் குப்பைத்தொட்டி வரை தேடி அழித்தேன்.

பிப்ரவரியில் மின்னழுத்தம் எகிறி அலுவலகக் கணினி கருகியது. கடைசி வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரைப் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பதிவு செய்ய அன்றே கடைசி நாள். ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். தவறினால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண்.

"ஏன் பதறுற? பெட்டியில பென்டிரைவ் இருக்கே" என்றார் ஜெனிஷ்பாய்.

இருந்தது. வேறு கணினியில் செருகினேன். அது தொடரைக் கேட்டது. தேர்வுத்தளத்தில் புதிய கடவுச்சொல் கேட்டால் பள்ளி மின்னஞ்சலுக்கு அனுப்பும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் இந்தக் கோப்புக்குள்தான்.

ஊல்கான் எஜே மலைக்கு அந்தப் பக்கம் மாமனாரின் கிராமத்தில் இருந்தார். மாமியாருக்குக் கண் அறுவை. கணவர் ஆஸ்பத்திரியில் துணைக்கு. வீட்டில் எண்பத்தாறு வயது மாமனாருக்குச் சமைக்க எஜே. பனியில் சாலை மூடி, கைபேசிக் கோபுரமும் சாய்ந்து மூன்று நாள். நல்ல வேளையாகப் பெரியவர் அந்தக் காலத்துத் தொலைபேசி நிலைய ஊழியர். அவர் வீட்டுக் கம்பி இணைப்பு உயிரோடு இருந்தது. மணி நாலு பத்துக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டோம். தட்டச்சுக்கு என் இரண்டு கைகளும் வேண்டுமென்று ஜெனிஷ்பாய் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினார். அறையில் என்னையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள்.

"எஜே, அந்தத் தொடர் வேணும். இப்பவே."

எஜே குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துல அவரு இருக்காரு."

"கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

"வெளிய மைனஸ் இருபத்தேழு, பொண்ணே. அவரு வீட்டுலேருந்து அவரையே தொரத்தவா?"

ஜெனிஷ்பாய் குனிந்தார். "ஊல்கான், முப்பத்தெட்டுப் பிள்ளைங்க."

"தெரியும் அண்ணே." பிறகு குரல் தள்ளிப்போயிற்று. "பெரியவரே, உங்க பேரை இந்தப் போன்ல கொஞ்சம் சொல்லுங்களேன். அப்புறம் உங்க அப்பா பேரு, அண்ணன்மார் பேரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடர் முழுக்க அவர் வாயில் வராத அந்தப் பெயர்கள்தான்.

முதியவரின் குரல் தெளிவாகக் கேட்டது. "போன்ல யார் பேர் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு போன வாரம்தான் ஊர்க்கூட்டத்துல சொன்னாங்க. யாரு அது, பேங்க்குன்னு சொல்றானா? வெச்சிடு."

"என் பள்ளிக்கூடம்தான், பெரியவரே."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்வான்."

மணி நாலு பதினேழு. எஜே மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, வகுப்பில் வருகை எடுப்பதைப் போல உரக்க, ஒவ்வொன்றாக:

"தாஷ்தான். சாகிம்பாய். கச்கின்பாய். சோர்மோஷ். தொண்ணூத்திரெண்டு."

கணித ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். எந்த வீட்டு மருமகளும் இப்படிச் சொல்லி எங்களில் ஒருவரும் கேட்டதில்லை, அதுவும் மாமனாரின் முகத்துக்கு நேராக. எல்லாவற்றையும், கடைசியில் அவர் மருமகளாக வந்த ஆண்டையும், தட்டினேன். கோப்பு திறந்தது.

"திறந்துடுச்சு, எஜே."

பிறகு முதியவர்:

"எனக்குப் பேர் இருக்குறதே உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்."

அவரே தொடர்ந்தார்:

"என் தம்பி அசான்பெக்கை ஏன் விட்ட? அவன் உனக்கு என்ன பண்ணான்?"

தொலைபேசி வைக்கப்பட்டது. அவரா வைத்தார், எஜேயா என்று தெரியவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு முப்பத்தெட்டாவது பெயரைப் பதிந்தேன். ஒரு பெயரும் விடுபடவில்லை.

சாலை திறந்து எஜே திங்கட்கிழமை வந்தார். கோட்டைக் கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு பேருக்குத் தெரிந்த தொடர் இனி உதவாது. புதுத் தொடரில் புது நகல் எடுத்தோம். இந்தமுறை தொடரை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிப் பள்ளி முத்திரை குத்தினார். உறை ஜெனிஷ்பாய் வீட்டுக்கு. பென்டிரைவ் பள்ளிப் பெட்டிக்கு. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பழசை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"நல்லாப் பாரு."

மறுபடி பார்த்துக் காட்டினேன். வீட்டில் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மணி அடித்தது. வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று எட்டாம் வகுப்புக்குக் கிர்கிஸ் மொழியில் பாறைகள் பாடம். எஜே முழுப் பாடத்தையும் ரஷ்ய மொழியிலேயே நடத்தினார் என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். 'தாஷ்' மட்டுமல்ல, 'கெட்டி'யும் அவர் வாயில் வரவில்லையாம்.