செல்லாணி சாகவில்லை

பரிசு வாங்கிய அந்தக் கதையை நான் எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியது. நான் என் பெயரைப் போட்டு அனுப்பினேன்!

இதற்கே முகம் சுளிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது என் குற்றத்தில் சின்னப் பாதிதான். பெரிய பாதியைச் சொல்ல ஒன்றரை வருடமாக வாய் வரவில்லை.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனில் எங்கே பிழையோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் பிழைப்பு. ஒட்டிய பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அதை 'ஆல்டர்' என்போம். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு மமதை உண்டு. போதாததற்குக் கதை எழுதுகிறவள் என்ற பெருமை வேறு! கேன்டீனில் என்னை 'எழுத்தாளரம்மா' என்று கிண்டல் செய்வார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் இனிக்கும்.

செல்வராணி அக்கா எங்கள் ஓவர்லாக் டெய்லர்; துணி ஓரம் பிரியாமல் அடித்துத் தருபவள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தானே வளர்த்தாள். அவனோ வேலைக்குப் போகாமல் எந்நேரமும் வாரப் பத்திரிகையும் கையுமாகக் கிடந்தான். ஒருநாள் ஆத்திரத்தில் அவன் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். அன்று வெளியே போனவன்தான். பன்னிரண்டு வருடம்... ஒரு சேதி இல்லை.

ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் என்னிடம் வந்து அமர்ந்தாள்.

"எங்கன இருந்தாலும் பொஸ்தகம் படிக்காம அவனுக்குச் சோறு எறங்காது அம்மிணி. என் கதைய எழுதிப் போடுங்க. எனக்குக் கோவமில்ல, வந்துருன்னு எழுதுங்க. செல்லாணிங்கிற பேர மட்டும் விட்றாதீக."

செல்வராணி என்று சொல்ல வராத வயதில் அவன் வைத்த பெயர் அது. அவனைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரைப் பார்த்தால் கண்டுகொள்வான் என்று நம்பினாள். அவள் என்னை எழுதச் சொன்னது ஒரு கதை அல்ல, ஒரு கூப்பாடு. அது எனக்கு அன்றே புரிந்திருந்தது... புரிந்தும்தான் செய்தேன்!

எழுத உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் எழுதியது எனக்கே சப்பென்று இருந்தது. ஒரு பத்திரிகையில் 'உண்மைக் கதைப் போட்டி' அறிவித்திருந்தார்கள். கடைசித் தேதி நெருங்கியது. செல்வராணி அக்கா சொன்னதையெல்லாம் கைபேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் அப்படியே சொல்லி, இதைக் கதையாக்கு என்றேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மூன்று வாரம் முக்கியும் வராதது கண்முன் ஓடி வந்து நின்றது! அதோடு நிற்கவில்லை. முடிவு எப்படி வேண்டும் என்று கேட்டு மூன்று தந்தது. தம்பி திரும்பி வருகிறான். அக்கா காத்திருக்கிறாள். அக்கா ஓவர்லாக் மெஷின் மேலேயே சாய்ந்து இறந்துபோகிறாள்.

மூன்றாவதைப் படித்துவிட்டு நான் தேம்பி அழுதேன். சாகும்போது அவள் சொல்கிறாள்: "எரிச்சது பொஸ்தகத்தத்தான் தம்பி. ஒன்னையில்ல."

உயிரில்லாத ஒன்று எப்படி இதை எழுதியது? திகைத்துப் போனேன். அந்தத் திகைப்பில், கம்பெனியில் ஜன்னலோர மெஷினில் அவள் உயிரோடு நூல் கோத்துக்கொண்டிருப்பது எனக்கு மறந்துவிட்டதா? இல்லை. மறக்கவில்லை. எது பரிசு வாங்கும் என்று மட்டும்தான் பார்த்தேன்.

இயந்திரத்தின் மேல் பழி போட மாட்டேன். அது மூன்று முடிவு கொடுத்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்த விரல் என்னுடையது. 'என்னோடு வேலை செய்தவரின் உண்மைக் கதை' என்று அடியில் எழுதியதும் நான்தான்.

முதல் பரிசு! நடுவர்கள் முடிவைத்தான் மெச்சியிருந்தார்கள்.

இதழ் வந்ததும் படித்துக் காட்டச் சொன்னாள் செல்வராணி அக்கா. அவள் எழுத்துக்கூட்டிப் பஸ் போர்டு மட்டும் படிப்பவள். சாவை விழுங்கிவிட்டு, அவள் காத்திருப்பதாக முடித்து வாசித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் விட மனமில்லை. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

"நான் இப்படிச் சொன்னேனா அம்மிணி?" என்றாள்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

சற்று யோசித்தாள். "சொல்லிருப்பேன்" என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் பத்திரிகை அலுவலகம் எனக்கு ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பியது. கேன்டீனில் எல்லாரும் இருக்கும்போது பிரித்தேன். என் பெருமையை நாலு பேர் கேட்கட்டுமே! சத்தமாகத் தொடங்கினேன். "அம்மா, உங்கள் கதை மிக அருமை..."

இரண்டாவது வரியில் சத்தத்தை நிறுத்தி மனசுக்குள் படித்தேன்.

'செல்லாணி என்று அவளை அழைத்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் வராமல் இருந்தேன். மொட்டையடித்துக் காரியம் செய்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் வர எனக்கு யாருமில்லை. கடைசிப் பத்தியில் என் அக்காவின் குரல் அப்படியே கேட்டது. அதைக் கேட்க வைத்ததற்கு நன்றி.'

முகவரி இல்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்... தபால் முத்திரையும் மைக் கறையாக இருந்தது. ஐயோ, நன்றி சொல்லியிருக்கிறானே! திட்டியிருக்கக் கூடாதா?

எதிரே செல்வராணி அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு அம்மிணி? என்னவாம்?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. கதை நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

அன்றே பத்திரிகைக்கு உண்மையை எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? பரிசு போகும், பெயர் போகும், கேன்டீனில் சிரிப்பார்கள்... இவ்வளவு அற்பமான காரணங்கள்தான். ஒருமுறை மன்னிப்புக் கடிதத்தையும் அந்த இயந்திரத்திடமே கேட்டேன். என்ன உருக்கமாக எழுதித் தந்தது தெரியுமா? படித்து நானே கண் கலங்கினேன். அப்போதுதான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. அழித்துவிட்டேன்.

இது நானே எழுதியது. அதனால்தான் இவ்வளவு கோணலாக இருக்கிறது. அதே பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் கேட்டாள், கடிதம் ஏதும் வந்ததா என்று. இல்லை என்றேன்.

தம்பி, ஒருவேளை இதைப் படிப்பது நீங்களானால்... உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறாள். ஜன்னலோரம் மூன்றாவது மெஷின். தலை நரைத்துவிட்டது, இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆனாலும் நேராகத்தான் தைக்கிறாள். உங்களுக்காக இன்றும் காத்திருக்கிறாள். இது சத்தியம், இது உண்மைக் கதை.

போன தடவையும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.