பக்கத்து வீட்டுத் தறியோடு ஐந்து பாட்டு

எங்கள் பேண்டு ஹார்ட்கோர் பங்க் வாசிக்கும், வேகமும் கத்தலுமான ராக் இசை. நான் கத்துவேன், பாடுகிறேன் என்று சொன்னால் என் அம்மாவே சிரிப்பாள். வாசித்துப் பழக பிள்ளையார்பாளையத்தில் இடம் தேடியபோது நாலு வீட்டில் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்கள். அப்புறம் இடம் இல்லை என்றார்கள். இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டேன். ஐந்தாவதாக ஒரு பழைய சாயப்பட்டறை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் பட்டுத்தறி. அவள் நெய்யும் நேரத்தில்தான் வாசிப்போம், அந்தச் சத்தத்தில் எங்கள் சத்தமும் கலந்துவிடும் என்று. தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்கா மட்டும் தினமும் சுவரைத் தட்டித் திட்டுவாள்.

நாங்கள் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் அப்படியே சென்னை பேண்டு மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதென்ன மாதிரி? அடுத்த ஆல்பத்தில் சத்தம் எங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியிடவே வேண்டாம் என்று டிரம்மரிடம் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மடத்தனம். அமாவாசையன்று இந்த ஊரில் தறி ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குப் பட்டறையிலேயே பதிவை வைத்தோம். முதல் பாட்டிலேயே டிரம்மர் தடுமாறினான். ஓர் இடத்தில் ஓடினான், ஓர் இடத்தில் இழுத்தான். எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் நானும் பாதியில் நின்றேன். பதினோரு தடவை வாசித்தோம். கடைசியில் அவன் குச்சியைக் கீழே போட்டான்.

“இன்னாவோ கொறையுதுபா,” என்று சுவரைப் பார்த்தான். “அந்தக்கா அடிக்கலயே!”

அடச்சீ என்றாகிவிட்டது. மூன்று வருஷமாக அவள் தறிப் பலகையை ஒரு அடி அடித்தால் இவன் நாலு அடித்திருக்கிறான். அவள் சேலைக் கரைக்கு நூல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் நான் மூச்சு வாங்கியிருக்கிறேன். எங்களுக்கே அது தெரியாது.

மறுநாள் அவள் வாசலில் போய் நின்றேன்.

“நாங்க வாசிக்கறப்ப நீங்க நெய்யணும்கா.”

“இத்தினி நாளு காதக் கிழிச்சது பத்தலியா?” என்றாள். “உனுக்காகல்லாம் நான் நெய்ய மாட்டேம்மா. நான் என் வேலையப் பாத்துக்கினு இருப்பேன். நீ வேணும்னா கத்திக்கோ.”

அவள் ஜன்னலில் ஒரு மைக்கை வைத்து மறுபடி பதிவைத் தொடங்கினோம். மூன்றாவது பாட்டின் நடுவில் இழை அறுந்து தறி நின்றது. டிரம்மர் நின்றான், நானும் நின்றேன். “கட்டைல போற எழ!” என்று அவள் திட்டுவது கேட்டது. இழையைச் சேர்த்து அவள் மறுபடி அடித்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டோம்.

மிக்ஸ் செய்பவர் சென்னையிலிருந்து போன் செய்தார். “தறி சவுண்ட எடுத்துடறேன். அந்த கேப் மிஸ்டேக் மாதிரி இருக்கு, கட் பண்ணிடலாம்.”

“கைய வச்சீங்கன்னா வேற ஆளப் பாத்துப்பேன்,” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அப்படியே அனுப்பினார். ஆல்பம் வெளிவந்ததும் பழைய வேகம் போச்சு, இது பங்க்கே இல்லை என்று விமர்சனம் எழுதினார்கள். எழுதட்டும்.

ஏனாத்தூரில் ஒரு மாலை, கல்லூரி மாணவர்கள் முன்னால் ஐந்து பாட்டையும் வாசித்தோம். பதிவு செய்த தறிச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தோம். மூன்றாவது பாட்டில் அது நின்றது. நாங்களும் நின்றோம்.

“இன்னா, கரன்ட் போச்சா?” என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு, விசில், ஊளை. டிரம்மருக்கு வியர்த்துவிட்டது, அடிக்கட்டுமா என்று குச்சியைத் தூக்கிக் காட்டினான். கூடாது என்று தலையாட்டினேன். அவள் இழையைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் இவர்களும் நிற்கட்டும்.

“கட்டைல போற எழ!” என்றாள் அக்கா, ஸ்பீக்கரிலிருந்து.

ஊளை சட்டென்று அடங்கியது. தறி அடித்தது. நான் கத்தினேன்.