பலகைக்குப் பின்னால் ஒரு விளக்கு

இருபத்தொன்பது வருடமாக ஓடுகிற 'கட்டம் நிரப்பு' நிகழ்ச்சியைப் பார்க்காத வீடே கிடையாது. ஆனால் அதில் எழுத்துத் தகடுகளை மாட்டும் தகட்டக்காவின் முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. நாற்பத்தெட்டுக் கட்டங்கள் உள்ள அந்தப் பலகைக்குப் பின்னால், நாலடி அகல இருட்டறையில் அவள் நிற்பாள். மறைந்திருக்கும் வாக்கியத்தைக் கண்டுபிடிக்கப் போட்டியாளர் ஓர் எழுத்தைச் சொன்னால், தயாரிப்பாளரின் குரல் அவள் காதுக்கருவியில் அதைத் திருப்பிச் சொல்லும். அவள் சுவிட்சைத் தட்டுவாள். தகரத் தகட்டில் வெட்டிய எழுத்து முன்பக்கம் ஒளிரும், கைதட்டல் தொகுப்பாளருக்குப் போய்ச் சேரும்.

முதல் வருடம் வெறும் கரும்பலகையும் சாக்பீசும்தான். பிறகு ஒரு தச்சர் இந்தப் பலகையைச் செய்து கொடுத்தார். மூன்று தொகுப்பாளர்கள் வந்து போனார்கள், அவர்களில் ஒருவருக்குத் தலைமுடியும் கூடவே போனது. மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் கணினித் திரைக்கு மாறிவிட்டன. இங்கே மட்டும் நிறுவனத்தின் முதலாளி, "பலகை போனா ஆட்டமே போச்சு" என்று பிடிவாதமாக இருந்தார். தயாரிப்பாளருக்கோ அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. எப்போது சாக்குக் கிடைக்கும், எப்போது தூக்கிப் போடலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். பலகை போனால் தகட்டக்காவும் போகவேண்டியதுதான்.

அவளுக்கு இரண்டு சட்டங்கள். அன்றைய வாக்கியம் உள்ள உறையைப் பிரித்துப் படித்த நிமிடத்திலிருந்து பதிவு முடியும்வரை யாரோடும் பேசக்கூடாது. வாய் தவறிவிடக் கூடாதே என்று ஒரு புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். "மிட்டாய் இருக்கிறவரைக்கும் உங்கம்மா கடவுள், கூப்பிட்டாலும் பேச மாட்டா" என்று புருஷன் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். இரண்டாவது, ஆட்டம் தொடங்குமுன் பலகையின் ஓரத்தில் உள்ள துளை வழியாக மூன்று போட்டியாளர்களையும் பார்த்து, 'இவர்களை எனக்குத் தெரியாது' என்ற தாளில் கையெழுத்துப் போடவேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் வினை வந்தது. ஒரு வருடமாக அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பேப்பரை மூக்குக்கு நேராகப் பிடித்தாள். புருஷன் கேட்டதற்கு, "அச்சு சரியில்ல" என்று மழுப்பினாள். மருத்துவரிடம் போகவில்லை. போனால் ஒரு பெயர் சொல்லுவார், பெயர் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். வேலை போய்விடும் என்ற பயம் அதற்கும் மேலே. துளை வழியாகப் பார்த்தால் காய்கிற துணிபோல மூன்று நிறங்கள் தெரியும். கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

இருட்டறையில் சுவிட்சுகளும் மசமசத்தன. அதனால் அந்த வாரம் வீட்டிலிருந்த சின்ன மேசை விளக்கை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து, அதன்மேல் கனமான துண்டு ஒன்றைச் சுற்றி, கையகலத்துக்கு மட்டும் வெளிச்சம் வரும்படி வைத்துக்கொண்டாள். ஆட்டத்தின்போது பலகைக்குப் பின்னால் பொட்டு வெளிச்சம் கூடாது. தகட்டின் வெட்டு வழியாக எழுத்து முன்னால் கசிந்துவிடும். அவளுக்குத் தெரியாததா? இருபத்தொன்பது வருடம் அவளே மற்றவர்களை விரட்டிச் சொன்னதுதான்.

அன்றைய வாக்கியம், 'அவசரத்தில் மாற்றிப் போட்ட செருப்பு'. பதினெட்டுக் கட்டங்களில் நான்குதான் ஒளிர்ந்திருந்தன. இடது ஓரத்துப் போட்டியாளர் முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டார் என்று காதில் குரல் வந்தது. தகட்டக்கா அசந்துபோய்த் திரும்பினாள். துண்டு கீழே கிடந்தது. விளக்கு பல்லை இளித்துக்கொண்டு எரிந்தது.

வாயிலிருந்த மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டாள். விளக்கை அணைத்துப் பைக்குள் திணித்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே பயத்தை இரட்டிப்பாக்கியது.

மூன்றாம் நாள் தயாரிப்பாளர் கூப்பிட்டார். நான்கு எழுத்தை வைத்து முழு வாக்கியத்தையும் சொன்னது எப்படி என்று தோற்ற போட்டியாளர் புகார் கொடுத்திருந்தார்.

"ஜெயிச்ச அம்மா யாரு தெரியுமா? நீங்க தெனமும் வர்ற பஸ்ல கண்டக்டர். ஆறு வருஷமா அவங்க கையில டிக்கெட் வாங்குறீங்க. தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தகட்டக்கா, விளக்கு இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கவனிக்கல சார்."

"ஆறு வருஷமா கவனிக்கலையா? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. யோசிச்சிட்டு வாங்க."

வெளியே வந்து யோசித்துப் பார்த்தாள். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் கண்டக்டரோடு கூட்டுச் சதி என்பார்கள்.

மறுநாள் காலை பேருந்தில் வேறு ஒரு கண்டக்டர். தகட்டக்கா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் கேட்டதும் வழக்கமான கண்டக்டர் என்று தகட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நான்தான். நீங்கதான் பலகைக்குப் பின்னாடி நிக்கிறவங்கன்னு நேத்துதான் சொன்னாங்க. டிப்போவுக்குச் சேதி போய், விசாரணை முடியிறவரைக்கும் என்னை நிறுத்தி வச்சிருக்காங்க. ஏமாத்துக்காரின்னு பேர் வந்தா திரும்ப எடுப்பாங்களா?"

கண்டக்டர் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எழுத்தெல்லாம் லேசாத் தெரிஞ்சுது. எல்லாருக்கும் தெரியுது, ஆட்டமே அப்படித்தான்னு நெனச்சேன். நான் முந்திக்கிட்டேன், அவ்வளவுதான். இப்போ வெளிய சொன்னா, தெரிஞ்சே பண்ணினேம்பாங்க. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுதா அக்கா?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் மிட்டாய்கூட இல்லை, ஆனாலும் அவள் பேசவில்லை. இருபத்தொன்பது வருடப் பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பழக்கம் இல்லை, கோழைத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

பத்து மணிக்குத் தயாரிப்பாளரின் அறையில் அந்தக் கண்டக்டர், புகார் கொடுத்தவர், இரண்டு அதிகாரிகள். முதல் கேள்வி கண்டக்டருக்கு.

"வாக்கியத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"அப்போ எப்படி?"

கண்டக்டர் தகட்டக்காவின் பக்கம் திரும்பினாள். திரும்பியது நிழலாகத்தான் தெரிந்தது. அடுத்து அவள் வாயைத் திறந்து, எழுத்து தெரிந்தது என்று சொல்லிவிடுவாள் என்று தகட்டக்கா காத்திருந்தாள்.

"தானா மனசுல தோணிச்சு சார்" என்றாள் கண்டக்டர்.

ஒருவரும் நம்பவில்லை. ஓர் அதிகாரி உச்சுக்கொட்டினார். பேருந்தில் வாயைத் திறக்காத தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாளே! தகட்டக்காவுக்கு அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"எல்லாரும் அரங்குக்கு வாங்க" என்று எழுந்தாள்.

பலகையில் அதே பதினெட்டுத் தகடுகளை மாட்டினாள். மேடை விளக்குகளைப் போடச் சொன்னாள். தயாரிப்பாளரை இடது ஓரத்தில், கண்டக்டர் நின்ற இடத்திலேயே நிற்கவைத்தாள். பைக்குள்ளிருந்த மேசை விளக்கை எடுத்து, பலகைக்குப் பின்னால் வைத்து, துண்டு இல்லாமல் ஏற்றினாள்.

"என்ன தெரியுது சார்?"

தயாரிப்பாளர் தடுமாறிப் படித்தார்.

"அவசரத்தில்... மாற்றிப்... போட்ட..."

"மத்த ரெண்டு இடத்துல மேடை வெளிச்சம் கூசும், நின்னா தெரியாது. இந்தப் பொண்ணு பேர்ல ஒரு குத்தமும் இல்ல. விளக்கு என்னுது."

"எதுக்கும்மா விளக்கு?"

"கண்ணு தெரியல சார். ஒரு வருஷமாச்சு. துளை வழியாப் பார்த்தேன், யாரு மூஞ்சியும் தெரியல. பார்த்த மாதிரி கையெழுத்துப் போட்டேன்."

சொல்லி முடித்ததும் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். அது எங்கேயும் போகவில்லை, நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்தச் சுற்று செல்லாது, கண்டக்டருக்குப் புது வாக்கியத்தோடு மறுபடி ஆட்டம், டிப்போவுக்கு அன்றைக்கே கடிதம் என்று முடிவானது. தயாரிப்பாளர் கையை நீட்டினார். இருட்டறைச் சாவியைத் தகட்டக்கா அதில் வைத்தாள். மங்கலில் அவர் முகம் சந்தோஷப்பட்டதா, வருத்தப்பட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாரும் போனபிறகு கண்டக்டர் மட்டும் நின்றாள்.

"அக்கா, தெனமும் டிக்கெட் குடுக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பீங்களே?"

"உன் குரலைக் கேட்டுத்தான் சிரிச்சேம்மா. இந்த ஒரு வருஷமா உன் மூஞ்சி எப்படியிருக்கும்னே மறந்துபோச்சு."

கண்டக்டர் பக்கத்தில் வந்து, தகட்டக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்து வாங்க. இங்க மூணு படி இருக்கு."

இருபத்தொன்பது வருடம் அவள் தினமும் ஏறி இறங்கிய படிகள். தகட்டக்கா காலைத் துழாவி, முதல் படியில் வைத்தாள்.