மக்கள் என்ற இடத்தில் ஒரே பெயர்

என் அப்பாவின் மரண அறிவிப்பிலிருந்து அக்காவின் பெயரை எடுத்தவன் நான். அது அச்சுப்பிழை அல்ல, மறதியும் அல்ல. பீர்மேடு கடைவீதியில் பத்திரிகை ஏஜெண்டின் மேஜைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு, யோசித்து, எழுதாமல் விட்டேன். ஐம்பது வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

கேரளத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மலையாளப் பத்திரிகைகளில் மரணச் செய்திகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு. காலைச் சாயாவோடு பலர் முதலில் திருப்புவது அதைத்தான். இறந்தவரின் படம், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த ஆலயத்தில். அதன் கீழே, பிள்ளைகள் என்ற பொருளில், ‘மக்கள்’ என்று போட்டு ஒவ்வொருவரின் பெயரும் வேலையும் ஊரும், ‘மருமக்கள்’ என்று போட்டு அவர்களுடையதும் இருக்கும். ஒரு குடும்பத்தை எடைபோட அது போதும். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு அது இன்னும் பெரிய விஷயம். லயம் என்கிற வரிசை வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் விட்டுவிட வேண்டும். நிலம் கிடையாது, பத்திரம் கிடையாது. எங்கள் ஆட்களின் பெயர் அச்சில் வருவது பெரும்பாலும் செத்த பிறகுதான்.

அப்பா தோட்டத்தில் சூப்பர்வைசர், சபையில் மூப்பர். அக்கா உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப் டிரைவரைக் கட்டிக்கொண்டு போனாள். அவர் வேறு சாதி, கத்தோலிக்கர். நாலு வருடம் அப்பா அவள் பெயரை எடுக்கவில்லை. கடைசிப் படுக்கையில்தான் எடுத்தார். எதையும் தானே சரிபார்க்காமல் வெளியே அனுப்பாத மனிதர். தன் மரண அறிவிப்பையும் அவரே எனக்குச் சொன்னார். “மூத்தவ பேர முதல்ல போடுல. அதப் பாத்தாவது வரட்டும்” என்றார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் பாலக்காட்டில் புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கேயே பெண் பேசியிருந்தது. அக்காவைப் பற்றிப் பெண் வீட்டார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று தெரியும். மருமகன் என்ற இடத்தில் ஒரு ஜீப் டிரைவரின் பெயரை அவர்கள் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். “மக்கள் எத்தனை பேர் சாரே?” என்றார் ஏஜெண்ட். “ஒருத்தன்தான்” என்றேன்.

அம்மாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அக்காவுக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டவளிடம், “பேப்பர்ல வருதும்மா, பாத்துட்டு வந்துருவா” என்றேன். அடக்கம் முடியும்வரை அம்மா பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா வரவில்லை. “பேரு போட்டும் வரலியே, என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இறந்தபோது நான் பத்திரிகைக்கே போகவில்லை, அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அக்கா வந்தாள், ஆலயத்தில் கடைசி பெஞ்சில் இருந்தாள், மண் போட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு கல்யாண வீடுகளில் பார்த்தால் சுகம் விசாரித்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

போன வருடம் அக்காவின் மகள் பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்தாள். எங்கள் குடும்பத்தின் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். எங்களைப் போன்றவர்களை எந்தப் பதிவேட்டில் போய்த் தேடுவது? நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டத் தொடங்கினாள். ஞாயிறுதோறும் செல்போனில் படங்களோடு வருவாள். அப்பாவின் அண்ணன் ஒருவர், எங்கோ கட்டிக்கொடுத்த அத்தை ஒருத்தி. ஒவ்வொரு அறிவிப்பும் நாலு பெயரைக் கொடுக்கும். அந்த நாலும் நாலு ஊரைக் காட்டும். “பாத்தீங்களா மாமா, செத்தவங்கதான் சொந்தக்காரங்கள ஒழுங்கா எழுதி வச்சிருக்காங்க” என்று சிரிப்பாள். எந்த வருடத்துக் கட்டு வரைக்கும் வந்திருக்கிறாள் என்பதை மட்டும் கேட்டுவைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. இரண்டு படங்களைக் காட்டினாள். முதலாவது நான் கொடுத்த அறிவிப்பு. “தாத்தா எங்கம்மாவ அவ்வளவு வெறுத்தாரா மாமா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது படம் வந்தது. அப்பாவின் நாற்பத்தோராம் நாளுக்கு அக்கா கொடுத்த அறிவிப்பு. நாங்கள் வாங்காத வேறொரு பத்திரிகையில் வந்தது, நான் பார்த்ததே இல்லை. அதில் மக்கள் இரண்டு பேர். அவள் பெயர், அடுத்து என் பெயர், ‘ஆசிரியர், பாலக்காடு’ என்று. என்னை விட்டுவிட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அக்கா மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். “இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எங்கம்மா உயிரோடதான இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க” என்றாள்.

போனேன். எண்பத்து மூன்று வயதில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் இறந்து பத்து வருடம் இருக்கும். ஏஜெண்டின் கடை, பெண் வீடு, அம்மாவிடம் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவேயில்லை.

“அப்பா என் பேரச் சொன்னாரா?”

“முதல்ல போடச் சொன்னாருக்கா.”

“யாரு சாட்சி?”

“அம்மா இருந்தா.”

“செத்தவளச் சாட்சிக்குக் கூப்புடுத. நல்ல வாத்தியாருல நீ.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “பேரு இல்லன்னு அச்சுல இருக்கு. அம்பது வருசமா அதத்தான் நான் படிச்சுட்டு வாரேன். இப்ப நீ வாயால ஒண்ணு சொல்லுத. எதல நம்ப?”

அச்சிலேயே போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு அறிவிப்பு எழுதினேன். அவர் சொல்லியும் மூத்த மகளின் பெயரை நான் விட்டுவிட்டேன் என்பதை அதிலேயே எழுதியிருந்தேன். பத்திரிகையின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். “இதெல்லாம் அந்தப் பேஜ்ல பற்றாது, போட முடியாது சார். நினைவஞ்சலிக்கு ஒரு முறை உண்டு” என்று சொல்லி, அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அக்காவின் பெயரை முதலில் சொன்னேன், எழுத்து எழுத்தாகச் சொன்னேன். “மருமக்கள்?” என்றார். என் மனைவியின் பெயரைச் சொன்னேன். “வேற உண்டா சார்?” “இல்லை, அவ்வளவுதான்.”

அது வந்த அன்று காலை அக்காவே கூப்பிட்டாள்.

“பாத்தேம்ல. பேரு இருக்கு. முதல்லதான் இருக்கு.” உடனே அடுத்ததைக் கேட்டாள். “அவரு பேரு எங்கல?”

எனக்குப் புரிய நேரமாயிற்று. “அத்தான்தான் இப்ப இல்லையேக்கா…” என்று இழுத்தேன்.

“செத்தவங்களுக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடுவாவ. உனக்கா தெரியாது? என்னைய உள்ள கூப்பிட்டுட்டு அவர மறுபடியும் வாசல்லயே நிறுத்திட்டியே!”

அவள் போனை வைத்துவிட்டாள். முதல் தடவை யோசித்துத்தான் பெயரை விட்டேன். இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை. கேட்டதும் நாக்கு தானாகவே ‘அவ்வளவுதான்’ என்றது. இரண்டில் எது மோசம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உடனே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து, நாளைக்கே ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். அதே ஆள்தான் எடுத்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“எங்க பாகத்துத் தப்புன்னா நாளைக்கே திருத்திப் போடலாம் சார்” என்றார் மரியாதையாக. “இது நீங்க சொன்ன மாதிரியேதான் வந்திருக்கு.”