சாயம் போன சிலைகள்

சிற்ப வரலாறு படித்தவளை அந்தமானில் கட்டிக்கொடுத்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சென்னையில் படிப்பை முடித்த கையோடு பொதுப்பணித் துறை ஓவர்சியர் ஒருவருக்குக் கழுத்தை நீட்டி, அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் கப்பலிறங்கினேன். ஊருக்குள் பத்துபஸ்தி என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ். பழைய கோயில் இல்லை, கல்தூண் இல்லை, உடைந்த நந்தி ஒன்றுகூட இல்லை.

"தண்ணி இல்லாத கிணத்துல நீச்சல் பழகுறவ எம் பொண்டாட்டி" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்று குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இன்று யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. நிக்கோபார் மரச் சிலைகளை இந்தியக் கலை என்று முதலில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. தன்னடக்கமெல்லாம் ஆண்கள் நிறைய வைத்திருக்கிறார்கள், அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

போர்ட் பிளேரில் ஒரு சிறிய காட்சிக்கூடம் திறப்பதாக இருந்தது. அதற்காக மெயின்லாண்டிலிருந்து பெட்டிகளில் பழைய நிக்கோபார் சிலைகள் வந்து இறங்கின. பிரித்து அடுக்கப் படித்த ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆளுயர மனித உருவங்கள். முழங்கால் மடங்கி, கை ஓங்கி, அடிக்க வருவதுபோல் நின்றன. ஆனால் எல்லாம் வெளிறி, வெடித்து, கண் இருந்த இடத்தில் குழியோடு கிடந்தன.

கூடத்தை அமைக்க வந்த பெரியவர் மெயின்லாண்டில் பேர் பெற்ற அறிஞர். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நிக்கோபார்காரங்களுக்கு வர்ணமே தெரியாதும்மா. புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு. வலை, கூடையோட அந்த மூலையில வெச்சிடலாம்" என்றார்.

அதற்குள் நான் ஒரு சிலையின் அக்குளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். மழை படாத அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வர்ணம் இருந்திருக்கு சார்" என்றேன்.

"கறையா இருக்கும். வர்ணம் பூசின சிலை ஒண்ணு கொண்டாங்க, நடு மேடையில வெச்சு கலைன்னு எழுதறேன். இல்லேன்னா மூலைதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடையைக் குறைவாக நினைத்து இல்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாரே, அதற்காக.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்குத் தெற்கே, கார் நிக்கோபாரையும் தாண்டிய ஒரு தீவில், ஜெட்டி கட்டும் வேலை வந்தது. அந்தத் தீவுக்குள் போக சர்க்கார் பாஸ் வாங்கிக்கொண்டு நானும் கப்பல் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. "கிணத்துல தண்ணி இருக்கான்னு பாக்கப் போறியாக்கும்" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேலி பேசினார்.

இருந்தது. கடலோரத்தில், மரக்கால்கள்மேல் உயர்ந்து நின்ற ஒரு வட்ட வீட்டுக்குள், வாசலைப் பார்த்தபடி நின்றது அந்தச் சிலை. சிவப்பு உதடு, கறுத்த முடி, சிப்பிக் கண்கள், கழுத்தில் அன்றைக்குக் கட்டிய குருத்தோலை. அந்தக் கண்கள் என்னைப் பார்த்ததும் நான் ஒரு அடி பின்வாங்கினேன். அழுதும்விட்டேன். வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாகச் சுற்றியவள், இப்படி எந்தச் சிலைக்கு முன்னாலும் அழுததில்லை.

அந்த வீட்டுப் பெண்ணிடம் தீவு ஹிந்தியில் கேட்டேன்: "தீதி, யே தேகா க்யா?" தருவாயா என்று.

"நஹீ. யே காம் கியா" என்றாள். இது வேலை செய்தது. அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பேயை விரட்டச் செதுக்கி, வர்ணம் பூசி நிறுத்திய சிலை. அவன் எழுந்துவிட்டான். வெளியே படகின் விரிசலுக்கு அடைப்பு வைத்துக்கொண்டிருந்தான். எழுந்த நாளிலிருந்து அவள் அதற்கு வர்ணம் மங்காமல் மறுபடி மறுபடி பூசி, ஓலை மாற்றி, வீட்டு ஆளைப்போல் வைத்திருந்தாள்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் காட்டோரத்தைக் காட்டி, வேண்டுமானால் அங்கே எடுத்துக்கொள் என்றாள். போய்ப் பார்த்தேன். புதருக்குள் சிலைகள் கிடந்தன. நோயாளி பிழைக்காதபோது தூக்கி எறிந்தவை. மழையில் வெளிறி, வெடித்து, கண் விழுந்து. பெட்டிகளில் வந்தவை அப்படியே கண்முன் நின்றன.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலை செய்த சிலையை யாரும் கொடுக்கமாட்டார்கள். வந்த துரைமார்கள் எல்லாரும் எறிந்ததைப் பொறுக்கிக்கொண்டு போய், அதை வைத்தே புத்தகம் எழுதி, இவர்களுக்கு வர்ணம் தெரியாது என்று முடித்துவிட்டார்கள்!

எங்களோடு வந்த அதிகாரி மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். "நான் ஒரு வார்த்தை சொன்னா குடுத்துருவாங்கம்மா. சாயந்திரமே போட்ல ஏத்திரலாம்" என்றார்.

நிஜமாகவே கொடுத்திருப்பார்கள். நடு மேடை கண்ணுக்குள் வந்து நின்றது. பெரியவரின் முகமும் வந்தது. அந்தப் பெண் புருஷன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்தா நீங்களா போய் வாசல்ல நிப்பீங்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவள் அனுமதியோடு வர்ணத்தில் வரைந்துகொண்டேன். திரும்பும் கப்பலில் என் வீட்டுக்காரர் கேலியே பேசவில்லை. படம் நனையாமல் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

"வெறுங்கையோட வந்திருக்கீங்களே" என்றார் பெரியவர். நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு சிலையாக அக்குளைப் பார்க்கச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்று மாற்றி ஒன்றாகச் சிவப்பு தென்பட்டது. பிறகு என் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுகளை மூலையில வேண்டாம், மேடையைச் சுத்தி வெச்சு கலைன்னே எழுதறேன்" என்றார். "ஆனா, நல்ல சிலைக்குன்னு செஞ்ச மேடை காலியா நிக்குமே?"

"நிக்கட்டும் சார்."

அப்படித்தான் திறந்தோம். சுற்றிலும் சாயம் போன சிலைகள், நடுவில் ஒரு காலி மேடை. திறப்பு நாளன்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எல்லாரும் வந்து நின்றது அந்த மேடைக்கு முன்னால்தான்.

"என்ன மேடம், இங்க சிலையைக் காணோம்? மெயின்லாண்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று ஒரு ஹெட்கிளார்க் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார்: "இல்ல சார். அது டியூட்டியில இருக்கு."