அலை உடையாத இடம்

அஜமி கடற்கரையில் குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் ஹுஸ்னியா, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பன், புருஷன், கொழுந்தன் எல்லாரும் வலை இழுத்தவர்கள். அலை உடையாமல் வழவழவென்று கிடக்கும் தண்ணீருக்கு நேரே அவள் ஒரு குடைகூட நட மாட்டாள்.

"பிள்ளைங்களுக்கு அங்கதானே அமைதியா இருக்கு?" என்பார்கள் வருகிறவர்கள்.

"ஆளை உள்ள இழுத்துட்டுப் போற வாய்க்கா அது. அலை உடையுற பக்கம் எறங்குங்க."

போன கோடையில், கடலில்லாத தன்தா ஊரிலிருந்து அவளுடைய அக்கா தவ்லத் குடும்பத்தோடு வந்தாள். அக்கா மகள் இன்ஷிராஹும் புது மாப்பிள்ளை ஷாபானும் உடன் வந்தார்கள். மாப்பிள்ளை ஊர்க் கால்வாயில் நீந்திப் பேர் வாங்கியவன். வந்ததும் தர்பூசணியைக் குளிரவைக்கக் கரையோர ஈரமணலில் புதைத்தான். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவன் புதைத்தது அந்த வழவழத் தண்ணீருக்கு நேரே. ஹுஸ்னியா சோற்றுப் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

ஏறி வந்த தண்ணீர் மணலை அரித்துப் பழத்தை உருட்டிக்கொண்டு போயிற்று. "எங்க போயிடும்?" என்று சிரித்தபடி ஷாபான் பாய்ந்தான். பழம் போன வழியே அவனும் போனான். திரும்பிக் கரையை நோக்கிக் கை வீசி நீந்தினான். வீச வீசக் கரை தள்ளிப் போயிற்று. இன்ஷிராஹ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா புருஷன் அங்கியைச் சுருட்டிக்கொண்டு இறங்கப் போனார். ஹுஸ்னியா அதைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களையும் சேத்து நாங்க தேடணுமா அத்தான்? நில்லுங்க!"

தூரத்தில் இருந்த கடற்கரைக் காவல்காரன் விசில் ஊதிவிட்டு, மீட்புப் பலகையைத் தண்ணீரில் தள்ளினான். அவன் போய்ச் சேரும்வரை இவனுக்கு மூச்சு தாங்க வேண்டுமே! "நீந்தாதீங்க! மல்லாந்து மெதங்குங்க!" என்று ஹுஸ்னியா கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தைத் தின்றது. உடனே, சுற்றி நிற்கும் ஆண்களையெல்லாம் பார்க்காமல், ஈரமணலில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தாள். இன்ஷிராஹும் பக்கத்தில் படுத்தாள்.

ஷாபானுக்கு அது தெரிந்தது, புரிந்தது. கை வீசுவதை விட்டுவிட்டு மல்லாந்தான். இழுப்பு கொண்டுபோன பக்கம் மிதந்தான். பலகை வந்து ஏற்றிக்கொண்டது.

கரையேறியதும் ஹுஸ்னியா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மடப்பயலே! ஒரு பழத்துக்காடா?"

"மாப்பிள்ளைடி அவரு!" என்றாள் தவ்லத்.

"சாப்பாடு போடும்போது மாப்பிள்ளைன்னு கூப்புட்டுக்கறேன்."

ஷாபான் இருமிக்கொண்டே சிரித்தான். "அத்தே, இப்ப எங்க குளிக்கட்டும்?"

அலை நுரைத்து உடையும் பக்கத்தை, காவல்காரன் கண்ணுக்கு எதிரே இருந்த இடத்தைக் காட்டினாள். "இடுப்பு வரைக்குந்தான்."

சாயங்காலம்வரை புருஷனும் பெண்டாட்டியும் அங்கே தண்ணீர் வாரி இறைத்து விளையாடினார்கள். ஹுஸ்னியா நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள்.