பெரியக்கா சொல்லாமல் பெட்டி ஏறாது

பெரியக்கா வறுக்கும் அறையில் நின்று ஒரு பிடி மசாலாத் தூளை உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். பிறகு ‘போலாம்’ என்பார். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் பத்துப் பேர் வேலை பார்த்த எங்கள் சின்ன மசாலாக் கம்பெனியில், அந்த ஒரு சொல் வராமல் எந்தப் பெட்டிக்கும் டேப் ஒட்டமாட்டார்கள். முதலாளிகூட வாயைத் திறக்கமாட்டார். பேக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லாரும் சுங்காய் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பெரியக்காவோடு பால்மரம் வெட்டியவர்கள். ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்க வந்த எனக்கு மட்டும் எரிச்சலாக இருக்கும். வெளிநாட்டுக்காரன் இவர் மூக்கை நம்பியா சரக்கு வாங்குவான்?

ஆஸ்திரேலியாவுக்கு முதல் கண்டெய்னர் போகவேண்டிய மாதத்தில் பெரியக்கா இறந்துபோனார். அந்த ஆர்டருக்காக முதலாளி இரண்டு வருஷம் நாயாய் அலைந்திருந்தார். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்து எழுதியும்விட்டார்கள். மாதிரித் தூளுக்குப் பரிசோதனையில் கிடைத்த சான்றிதழ் என் கையில் பத்திரமாக இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று காலை லாரி வந்து நின்றது. மாலைக்குள் கிள்ளான் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெண்களோ திறந்த பெட்டிகளைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். மிஷினையும் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. விறுவிறுவென்று வறுக்கும் அறைக்குள் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று, பெரியக்கா இழுத்துச் சொல்வதுபோலவே “போலாம்” என்றேன். வெட்கக்கேடுதான். அப்போது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

டேப் ஒட்டும் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தேன். டேப்பைக் கையில் வைத்திருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க உள்ள போறதுக்கு முன்னாலயே அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்க லா.”

லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினோம். மறுநாள் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தால், அடியிலிருந்த தூளில் பூஞ்சை வாடை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் திட்டு வாங்கிக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த கப்பலுக்கு அவகாசம் வாங்கினேன்.

இப்போது நான்கு நாடுகளுக்கு அனுப்புகிறோம். இறுதி அனுமதி யார் தருவது என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்கு முன்னால் வறுக்கும் அறையில் போய்த் தனியாக நிற்பதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

இன்று காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். மதியமாகிவிட்டது. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. லாரி வாசலில்தான் நிற்கிறது.